சின்னத்திரையில் தொடங்கிய 16 வயது நடிகன் இப்போதே மேடைக்குப் போகலாமா?

கேள்வி
எழுதியவர்: இளம் நடிகன்

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

எனக்கு வயது 16. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகனின் சிறுவயதுக் காட்சிகளில் நடித்தேன். அது சில எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. அதைப் பார்த்த வேறொரு தயாரிப்பு நிறுவனத்தார் அழைத்ததால், அடுத்து ஒரு தினசரித் தொடரில் நாயகியின் தம்பியாக நீண்ட காலம் நடித்தேன். அந்தத் தம்பி வெளிநாட்டுக்குப் படிக்கப் போய்விட்டதாகக் கதை மாறியதும் என் பங்கு முடிந்தது.

இப்போது என் முன்னால் இரண்டு அழைப்புகள் இருக்கின்றன. ஒன்று, புதிதாகத் தொடங்கவிருக்கும் தினசரித் தொடர். அதிலும் எனக்கு நல்ல பிள்ளையான தம்பி வேடம்தான். மாதத்தின் பெரும்பகுதிக்குக் கால்ஷீட் கேட்கிறார்கள். மற்றொன்று, ஒரு நாடகக் குழுவின் புதிய நாடகம். மூன்று மாதம் மாலைநேர ஒத்திகை, அதன்பின் வார இறுதிகளில் நிகழ்ச்சி. வேடம் சிறியது. ஊதியம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது.

நான் பழகிய படப்பிடிப்புத் தளத்தில் அன்றைய காட்சியின் வசனம் அன்று காலையில்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் ஓரமாக நின்று சொல்லச் சொல்ல, நாங்கள் வாங்கிப் பேசிவிடுவோம். அது எனக்கு நன்றாகவே வரும். ஆனால் நாடகக் குழுவினர் ஒரு நீண்ட உரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, என் குரல் கூடத்தின் பின்வரிசைக்கு எட்டவில்லை என்று இயக்குநர் சொன்னார். குரல் இன்னும் முழுமையாக நிலைபெறவில்லை என்பதையும் அவர் கவனித்துவிட்டார். இருந்தும் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். 30 வயதிலும் 60 வயதிலும் நான் நடிகனாகவே இருக்க வேண்டும். முதியவராக, கொடியவராக, எனக்குச் சற்றும் பொருந்தாதவராக நடித்துப் பார்க்க வேண்டும். மேடை, தொலைக்காட்சி இரண்டையுமே விரும்புகிறேன். இந்தத் தொடரை விட்டால் முகம் மறந்துபோகும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்கும் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஒத்திகைக்கூடம்

தம்பிக்கு வணக்கம். பல ஆண்டுகளாக நாடகங்களை இயக்கி வருகிறேன்; தொலைக்காட்சியிலிருந்து வரும் இளையவர்களுக்குப் பயிற்சியும் அளித்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாடகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி தாழ்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தொலைக்காட்சி உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் இன்னும் இல்லாததை வளர்க்க அதற்கு நேரம் கிடையாது. உங்கள் முகத்தில் ஒரு நல்ல தம்பி தெரிகிறான் என்பதால் அந்த வேடத்தை இரண்டாம் முறையும் தருகிறார்கள். சரியாகச் செய்தால் மூன்றாம் முறையும் அதுவே வரும். நீங்கள் எழுதியிருக்கும் ஆசைக்கும் அந்தப் பாதைக்கும் இடையிலான தூரம் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்.

ஒத்திகை என்பது வசனத்தை மனப்பாடம் செய்யும் இடம் என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது தவறாகச் செய்து பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். ஒரு வாக்கியத்தைக் கோபத்தோடு சொல்லிப் பார்த்து, அது பொருந்தாமல், மறுநாள் அதையே களைப்போடு சொல்லிப் பார்த்து, ஒரு வாரம் கழித்து எதிரில் நிற்கும் நடிகர் எதையோ மாற்றிச் செய்ததால் அந்த வாக்கியம் தானாக ஓர் இடத்தில் வந்து அமரும் அனுபவத்தை, காலையில் வசனம் வாங்கி மாலைக்குள் ஏழெட்டுக் காட்சிகளை முடிக்க வேண்டிய தளத்தில் யாராலும் உங்களுக்குத் தர முடியாது. அங்கே முதல் டேக்கில் சரியாக வந்துவிட்டால் பாராட்டு. அதனால் சரியாக வரும் என்று தெரிந்ததை மட்டுமே செய்யும் பழக்கம் இளம் வயதிலேயே படிந்துவிடுகிறது.

குரலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் வயதில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஆண்பிள்ளைகளுக்குக் குரலின் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்குகிறது. இதைத்தான் நம் பழைய நாடகக்காரர்கள் மகரக்கட்டு உடைதல் என்றார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நடத்திய சபையும், அதையொட்டி எழுந்த பாய்ஸ் கம்பெனிகளும் பிள்ளைகளின் பாட்டுக் குரலை நம்பியே இயங்கின. ராஜபார்ட்டும் (நாயக வேடம்) ஸ்திரீபார்ட்டும் (பெண் வேடம்) உச்ச சுருதியில் பாடியாக வேண்டும் என்பதால், மகரக்கட்டு உடைந்த பையனுக்கு அதுவரை இருந்த இடம் ஒரே பருவத்தில் இல்லாமல் போய்விடும். பி.யு. சின்னப்பா அப்படிப்பட்ட ஒரு நிலையைக் கடந்து வந்தவர்தான். குரல் மாறியபின் கம்பெனியை விட்டு வெளியேறி, உடற்பயிற்சியிலும் சிலம்பத்திலும் தேர்ந்து, பிறகு திரையில் பாடவும் சண்டையிடவும் தெரிந்த நாயகனாக வந்தார்.

அந்த நாடகங்களைப் போல இன்று உங்களை யாரும் உச்ச சுருதியில் பாடச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் மைக்குக்கு மட்டுமே பேசிப் பழகிய குரலுக்குத் தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார் செய்தார், எப்போது செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் அந்த வினையின் கடைசி ஓரிரு எழுத்துகளில்தான் இருக்கிறது. மூச்சு தீரும் நேரமும் அதுவே. சட்டையில் குத்திய மைக் அந்தக் கடைசி எழுத்துகளையும் பிடித்துக்கொள்ளும். மேடையில் அவை உங்கள் காலடியிலேயே விழுந்துவிடும். 'வரமாட்டேன்' என்று நீங்கள் சொன்னது பின்வரிசையில் இருப்பவருக்கு 'வர' என்று மட்டும் கேட்கும். நாடக இயக்குநர் சொன்னது பெரும்பாலும் இதையே குறித்திருக்கும். உரக்கப் பேசினால் இது தீராது. வாக்கியத்தின் பாதியில் மூச்சைச் செலவழித்துவிடாமல் முடிவுவரை வைத்திருக்கப் பழக வேண்டும். நாள்தோறும் ஒருவர் உடன் நின்று கேட்டுத் திருத்தினால்தான் அது வரும்.

முகம் மறந்துபோகும் என்ற அச்சத்துக்கும் ஒரு சொல். 16 வயது முகம் எப்படியும் நிலைக்கப் போவதில்லை. 1960-இல் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி விருதும் பெற்ற கமல்ஹாசனுக்குக்கூட, வளரும் பருவத்தில் அந்த முகத்தைக் காட்டி வேலை கிடைத்துவிடவில்லை. அவர் டி.கே. சண்முகத்தின் நாடக சபையில் பயின்றார், நடனம் கற்றார், நடன உதவியாளராக வேலை பார்த்தார். 1970-களில்தான் நாயகனாக நிலைபெற்றார். திரை உங்களை அழைக்காத ஆண்டுகள் எப்படியும் வரும். அப்போது கையில் ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

பதில் 2
எழுதியவர்: மானிட்டர் அருகில்

மேலே எழுதியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். நாடகத்தை ஏற்கலாம் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் எதையும் கற்க முடியாது என்று பொருள்படும்படி ஓர் இளைஞரிடம் சொல்வதை, தொடர்களை இயக்குபவன் என்ற முறையில் நான் ஏற்க மாட்டேன்.

2025-இல் வெளியான 'அடோலசன்ஸ்' என்ற பிரித்தானியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எபிசோடுகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக எடுக்கப்பட்டது. அதில் 13 வயதுப் பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு அதற்கு முன் திரை அனுபவமே இல்லை. நாடக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒவ்வொரு எபிசோடுக்கும் முதலில் நடிகர்களோடு ஒத்திகை, பிறகு கேமராக் குழுவோடு ஒத்திகை, அதன் பிறகே படப்பிடிப்பு என்று வாரக் கணக்கில் செலவிட்டார்கள். ஓர் அறைக்குள் ஓர் உளவியலாளருக்கு எதிரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் தாங்கி நின்ற எபிசோடுதான் அவர் முதன்முதலில் நடித்தது. அதே ஆண்டில், 15 வயதில், எம்மி விருது பெற்றார். ஆகவே ஒத்திகை மேடைக்கே உரிய சொத்து அன்று. பணமும் பொறுமையும் உள்ள தயாரிப்பில் தொலைக்காட்சியிலும் அது நடக்கிறது. அந்தப் பையனைத் தாங்கி நின்றது நாடக வகுப்பில் கிடைத்த பயிற்சிதான் என்று முதல் பதிலை எழுதியவர் சொல்லக்கூடும். அதையும் மறுக்க மாட்டேன்.

தினசரித் தொடரில் அந்த வசதி கிடையாது. உண்மை. இருந்தாலும் அங்கே கற்க வேண்டியவை சில உண்டு, அவற்றை மேடை கற்றுத் தராது. உங்கள் க்ளோசப் முடிந்ததும் கேரவனுக்குப் போய்விடாதீர்கள். எதிரில் இருப்பவரின் க்ளோசப்புக்காகக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, உங்கள் முகம் படத்தில் வராதபோதும் அதே உணர்வோடு வசனம் கொடுங்கள். கேட்பது எப்படி என்று அங்கேதான் பிடிபடும். காட்சி முழுவதையும் ஒன்றாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்தச் சொல்லில் தண்ணீர்க் குவளையை எந்தக் கையால் எடுத்தீர்களோ, அடுத்த ஷாட்டிலும் அதே சொல்லில் அதே கையால் எடுத்தால்தான் எடிட்டரால் இரண்டையும் ஒட்ட முடியும். கண்டினியூட்டி என்பது உதவி இயக்குநரின் கவலை என்று நினைக்கும் நடிகரின் நல்ல டேக்குகள் பல, ஒட்டாத காரணத்தாலேயே வெட்டி எறியப்படுகின்றன. பார்வைக் கோடு (கண் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பது), தரையில் ஒட்டிய குறியைக் குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்பது, லென்ஸுக்கு ஏற்பக் கண் சிமிட்டலை அடக்குவது ஆகிய இவை எல்லாம் கைத்தொழில்தான்.

ஒன்றை மட்டும் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். ஓரமாக நின்று வசனம் சொல்லித்தரும் பிராம்ப்டிங் இருக்கிறது என்பதற்காக அதை நம்பி நிற்காதீர்கள். காலையில் தாள் கைக்கு வந்தவுடன் ஒரு மூலையில் உட்கார்ந்து உங்கள் காட்சியை முழுவதும் மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வாக்கியத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நடிகரின் கண், எதிரில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. அது மானிட்டரில் அப்பட்டமாகத் தெரியும்.

நடைமுறையில் என் யோசனை இது. தொடர்க்காரர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். 'இந்த மூன்று மாதம் மாலையில் ஆறு மணிக்குமேல் என்னால் இருக்க முடியாது. நிகழ்ச்சி நடக்கும் வார இறுதிகளை விட்டுவிட வேண்டும்' என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். தம்பி வேடம் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் வருவது. அந்த செட்டில் எடுக்கும் நாட்களில் உங்களுடையதைச் சேர்த்து எடுத்துவிட ஷெட்யூல் போடுபவரால் முடியும். மற்ற நடிகர்களோடு சேர்ந்து வரும் காட்சிகளுக்குத்தான் தேதி கிடைப்பது கடினம். முடியாது என்று அவர்கள் சொன்னால் விட்டுவிடுங்கள். கேட்காமலேயே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பதில் 3
எழுதியவர்: ஒரு நடிகையின் தாய்

என் மகள் சிறுவயதில் தொடர்களில் நடித்தவள். இப்போது வேறு துறையில் மகிழ்ச்சியாக இருக்கிறாள். கலை நுணுக்கங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்தத் திரியில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதை உங்கள் பெற்றோருக்கும் படித்துக் காட்டுங்கள், தம்பி.

ஜாக்கி கூகன் என்ற பையன் 1920-களில் உலகம் முழுவதும் அறிந்த குழந்தை நடிகன். சம்பாதித்தது பல இலட்சம் டாலர். வயது வந்தபின் கேட்டால், எல்லாம் செலவாகிவிட்டது என்றார்கள். 1938-இல் சொந்தத் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. சம்பாதித்ததில் ஒரு சிறு பகுதிதான் கைக்குக் கிடைத்தது. அதைத் தொடர்ந்து 1939-இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று அங்கே சிறார் நடிகரின் மொத்த ஊதியத்தில் 15 சதவீதத்தை அவர் பெயரிலேயே முடக்கி வைக்க வேண்டும். இந்தியாவில் 2017-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 14 வயதுக்குக் குறைந்த குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்குமேல் வேலை வாங்கக் கூடாது. இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயது முடியும்வரை உள்ளாட்சி அமைப்பின் உரிமம் தேவை. ஒன்பது வயதைக் கடந்தவர்கள்கூடப் பணியிடத்தில் ஒரு நாளில் 9.5 மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவாக இருந்தால், 16 வயதில் மேற்சொன்ன குழந்தைக் கலைஞர் விதிகள் உங்களுக்குப் பொருந்தாது. சட்டம் உங்களைத் தாங்காத இந்த ஓரிரு ஆண்டுகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். சட்டம் சொல்லாவிட்டாலும் வருமானத்தில் ஒரு பங்கை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு படி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். தளத்திலும் சரி, ஒத்திகைக் கூடத்திலும் சரி, உங்களுக்காகப் பேசக்கூடிய பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். நாடகக் குழு என்றால் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்லி இதைத் தளர்த்துவார்கள், தளர்த்த வேண்டாம். இரவு ஒத்திகை முடிந்து எப்படி வீடு திரும்புவீர்கள் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

படிப்பைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. நாட்டலி போர்ட்மேன் 16 வயதில், 1997-இல், நியூயார்க்கின் பிராட்வே மேடையில், நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்காக நடித்தார். அதற்குள் திரையிலும் பெயர் பெற்றிருந்தார். அதன் பிறகும் ஹார்வர்டில் சேர்ந்து உளவியலில் பட்டம் பெற்றார். படிப்பதற்காகப் படங்களைக் குறைத்துக்கொண்டதால் அவருடைய நடிப்பு வாழ்க்கை எதுவும் கெட்டுவிடவில்லை. தேர்வு ஆண்டில் மாதம் முழுவதும் கால்ஷீட் கேட்கும் எந்த வேலையையும் ஒரு தாயாக என்னால் பரிந்துரைக்க முடியாது.

பதில் 4
எழுதியவர்: நான்காம் ஆடிஷன்

நான் இருபதுகளின் நடுவில் இருக்கிறேன். உங்களைப் போலவே தொலைக்காட்சியில் தொடங்கி, இப்போது இரண்டிலும் வேலை செய்கிறேன். தம்பிக்கு அண்ணனாக, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 16-க்கும் 20-க்கும் இடையில் அழைப்புகள் குறையும். திறமை குறைந்ததால் அப்படி நடப்பதில்லை. பதின்ம வயது வேடங்களுக்குக்கூட 18 வயதைக் கடந்தவர்களையே தயாரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். வேலை நேரக் கட்டுப்பாடு இல்லை, பள்ளி இல்லை, பெற்றோர் உடன் வர வேண்டியதும் இல்லை என்பதுதான் காரணம். சிறுவனாக நடிக்க வளர்ந்துவிட்டீர்கள், இளைஞனாக நடிக்க இன்னும் வளரவில்லை என்ற பதிலைப் பலமுறை கேட்பீர்கள். அப்போது அதை உங்கள்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த இடைவெளியைச் சிலர் மேடையில் கழித்திருக்கிறார்கள். டேனியல் ராட்கிளிஃப் பத்து வயதில், 1999-இல், பிபிசி தொடர் ஒன்றில் தொடங்கியவர். உலகம் அவரை ஹாரி பாட்டர் என்ற ஒரே வேடத்தில் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2007-இல், 17 வயதில் லண்டன் மேடையில் மனம் பிறழ்ந்த ஒரு இளைஞனாக நடித்தார். கையில் இருந்த படங்கள் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தின் நேஷனல் யூத் தியேட்டர் 1956-இல் தொடங்கப்பட்டதே உங்கள் வயதினருக்காகத்தான். பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான ஹெலன் மிரன் 20 வயதில் கிளியோபாட்ராவாக நடித்தது அந்தக் குழுவில். இளையோர் நாடகக் குழுவில் அரசனும் கிழவனும் கொலைகாரனும் இளையவர்களே. உங்களுக்குப் பொருந்தாத வேடங்கள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அவை இந்த வயதில் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் விசாரியுங்கள். பள்ளி நாடகமாக இருந்தாலும் பரவாயில்லை.

நாடகப் பள்ளிகளைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். லண்டனின் ராடா 18 வயது நிறைந்தவர்களையே பட்ட வகுப்பில் சேர்க்கிறது. ஆடிஷனில் ஒரு பழைய நாடகத்திலிருந்தும் ஒரு தற்கால நாடகத்திலிருந்தும் தனியுரைகள் கேட்பது வழக்கம். டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளி, பட்டப்படிப்போடு நாடகங்களில் பங்கெடுத்த அனுபவத்தையும் கேட்கிறது. தொடரில் எத்தனை எபிசோடு நடித்திருந்தாலும் அந்த இடத்தில் உதவாது.

இன்னொன்று. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி 14 வயதில் வீட்டாரோடு சேர்ந்து நாடகம் போடத் தொடங்கியபோதே, தன் நடிப்பைப் பற்றித் தானே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டார். பிற்காலத்தில் அவர் வகுத்த பயிற்சி முறைக்கு அந்தப் பழக்கமே வேர். நானும் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 'நன்றாக நடித்தேன்', 'மோசமாக நடித்தேன்' என்று எழுதுவதில் பயன் இல்லை. 'இரண்டாம் காட்சியில் அப்பாவின் பேச்சைக் கேட்கும்போது கை எங்கே இருந்தது, அடுத்த சொல்லை எப்போது நினைக்கத் தொடங்கினேன்' என்று எழுதிப் பாருங்கள்.

தொடருடைய தேதியைப் பற்றி மேலே இயக்குநர் சொன்ன வழி நடக்கக்கூடியதே. எனக்கும் ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒரே காலத்தில் செய்யும்போது காவு கொடுக்கப்படுவது தூக்கம்தான், தூக்கம் போனால் குரல் போய்விடும். உங்கள் குரல் இருக்கும் நிலையில் நான் தொடரை விட்டுவிடுவேன்.

கேள்வியாளர் மீண்டும்
எழுதியவர்: இளம் நடிகன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் மூன்றாவது பதிலைப் படித்துக் காட்டினேன். ஒப்பந்தத்தின் படி இதுவரை எங்களிடம் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. தேர்வு ஆண்டு என்பதையும் எண்ணிப் பார்த்தோம். நாடகத்தை ஏற்பதாகச் சொல்லிவிட்டேன். தொடருக்கு இயக்குநர் ஐயா கூறியபடி தேதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஒத்திகை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. முதல் பதிலை எழுதிய ஒத்திகைக்கூடம் அம்மா, அதற்குள் குரலுக்கு என்ன செய்யலாம்? வீட்டில் உரக்கப் பேசிப் பழகினால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

பதில் 5
எழுதியவர்: ஒத்திகைக்கூடம்

உரக்கப் பேசிப் பழகுவதை இன்றே நிறுத்துங்கள், தம்பி. மாறிக்கொண்டிருக்கும் குரலைத் தொண்டையிலிருந்து தள்ளினால் கட்டிக்கொள்ளத்தான் செய்யும். கட்டிக்கொண்ட நாளில் கிசுகிசுப்பாகவும் பேச வேண்டாம், அதுவும் குரல்நாண்களை வருத்தும். பேசாமல் இருப்பதே நல்லது. இரண்டு மூன்று வாரத்துக்குமேல் கரகரப்பு நீடித்தால் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

இப்போதைக்கு இவ்வளவு போதும். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மீது ஒரு கையை வைத்துக்கொண்டு, மூச்சு உள்ளே போகும்போது கை உயர்கிறதா என்று பாருங்கள். தோள் உயர்ந்தால் மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது என்று பொருள். அது சீரானபின், வாயை மூடி, வலிக்காத சுருதியில் மெல்ல முனகுங்கள். உதடும் மூக்கும் அதிரும் வரை போதும். பிறகு நல்ல உரைநடையில் ஒரு பக்கத்தை எடுத்துச் சாதாரணக் குரலில் வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையையும் முழுதாகச் சொல்லி முடித்தபின்னரே அடுத்த மூச்சை இழுங்கள். அறையின் மறுகோடியில் அம்மாவை உட்காரவைத்து, கடைசிச் சொல் கேட்காத இடங்களில் மட்டும் கையை உயர்த்தச் சொல்லுங்கள். எப்படி நடித்தாய் என்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குரல் வராத சுருதியைத் துரத்த வேண்டாம். அது எங்கே வந்து நிற்கப்போகிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. நாடக இயக்குநரிடமும் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வசனத்தை உங்கள் குரல் இருக்கும் இடத்துக்கு இறக்கிக்கொடுக்க அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாடகப் பிரதியை இப்போதே வாங்கி, உங்கள் வேடம் வராத காட்சிகள் உட்பட முழுவதையும் படித்துவிடுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்யலாம், ஆனால் ஏற்ற இறக்கத்தோடு உருப்போட வேண்டாம். எதிரில் நடிப்பவர் யார் என்று தெரியும் முன்பே இராகத்தைப் பதித்துக்கொண்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் ஒத்திகைக்குப் பென்சிலும் அழிப்பானும் கொண்டுபோங்கள். எங்கே நிற்பது, எப்போது நடப்பது என்ற குறிப்புகளை இயக்குநர் வாரந்தோறும் மாற்றுவார். பேனாவால் எழுதினால் இரண்டாவது வாரமே பிரதியைப் படிக்க முடியாமல் போய்விடும்.